நண்டுகள் சொன்ன தடை

சுஜீவாவின் மறுமணத்துக்கு நண்டுகள் தடை சொல்லின. மாங்கேணிக் கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பது அங்கே வழக்கம். பூசைக்குள் யாரும் வாய் திறப்பதில்லை, வெளியே போய்த்தான் திறப்பார்கள். அன்று பாதர் ஓலையை மடிப்பதற்குள் பக்கத்துக் களப்பின், அந்தக் கடலோர உப்புநீர் ஏரியின், சேற்றிலிருந்து ஆண் நண்டுகள் ஏறி வந்து வாசற்படி நிறைய நின்றன. ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த சின்ன நண்டுகள். எல்லாம் ஒன்றாக அந்தக் கொடுக்கை உயர்த்தின. கூட்டங்களில் எதிர்ப்புச் சொல்கிறவர்கள் கை உயர்த்துவதைப் பார்த்துப் பழகிய சபை, இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது. சுஜீவா மட்டும் வேறொன்றைக் கண்டாள். கொடுக்குகள் பாதி உயரத்தில் சிக்கி நின்று, பிறகுதான் மேலே போயின. அவள் கணவன் பிலிப்புவின் கை அப்படித்தான் உயரும்.

வலை இழுக்கும்போது விலகிய தோள்மூட்டை யாரோ கோணலாக ஏற்றிவிட்டதால் வந்த வினை அது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் பிலிப்பு அவளைப் பிடித்தான். ஒரு இறால் காலம் முழுக்கத் தோணியில் நின்று கை காட்டினான். கரையில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் முதலில் சிரிப்பதற்காகப் பார்த்தாள், பிறகு பார்ப்பதற்காகவே பார்த்தாள். கல்யாணமாகிச் சில வருடங்களில், ஒரு மாரி காலத்தில், தோணி மட்டும் திரும்பி வந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் அவன் இறந்ததாக ஒப்புக்கொள்ள ஆயர் இல்லத்துக்கு வருடக்கணக்கானது. இதற்கிடையில் படகு எஞ்சின் திருத்தும் ஜொய்சன், கேட்காமல் கதிரையில்கூட உட்காராத மனிதர், அவளை மணக்கக் கேட்டிருந்தார். அவளுக்கும் விருப்பம்தான்.

இரண்டாம் ஓலைக்கு நண்டுகள் இன்னும் அதிகமாக வந்தன. கோயிலில் பாட்டுத் தொடங்கிவைக்கும் எமிலி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அவன் உசிரோட இருக்கான்கா. அதான் தடுக்கான்." ஊருக்கு அது போதுமாக இருந்தது. கணவன் உயிரோடிருக்கலாம் என்ற சந்தேகம் தீராவிட்டால் மூன்றாம் ஓலையோடு நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார் பாதர். அவரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் காத்தான்குடி நுஸ்ரா அங்கே இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பல்கலைக்கழகத்தில் படிப்பவள். ஆண் நண்டு பெண் நண்டை அழைக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. இப்படியொரு விஷயத்துக்குப் படிப்பா என்று ஊர் கேலி செய்ததை அவள் பொருட்படுத்தவில்லை. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒரு நண்டின் மூளையில் வைத்து, சுஜீவாவை ஒரு தட்டிக்குப் பின்னால் நடக்கச் சொன்னாள். கம்பியோடு இணைத்த திரையில் கோடு ஏறியது, பாதியில் நின்றது, மறுபடி ஏறியது. தட்டி மறைத்ததால் நண்டு அவளைப் பார்த்திருக்க முடியாது. நுஸ்ரா அதைக் குறித்துக்கொண்டு மீதித் தேநீரைக் குடித்தாள்.

"இது தடுக்கிற கை இல்ல அக்கா. பெட்டையக் கூப்பிடுற கை. அதுக்கென்டே மூளைக்குள்ள நரம்பு இருக்கு."

"எங்க கூப்பிடுது?"

"தன்ட வளைக்குள்ள. வளை வாசல்ல நின்டுதான் கூப்பிடும்."

சுஜீவா சேற்றைப் பார்த்தாள். "அப்ப அவர் கீழதான் கிடக்கார்" என்றாள். தோணி தனியாக வந்த நாளில் அழாத அழுகையை அப்போது அழுதாள். அதில் துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "பெட்டை போகாட்டி?"

"போகாட்டிப் போகாதுதான். பாத்துட்டுக் கடந்து போற பெட்டையள்தான் கூட. அது அதுட மூளை எடுக்கிற முடிவு. ஆண் கூப்பிட்டுக்கொண்டுதான் கிடக்கும்."

மூன்றாம் ஓலை அன்று நண்டுகள் படியைத் தாண்டிப் பீடம் வரை வந்தன. தடை உண்டா என்று பாதர் கேட்டார். சுஜீவா எழுந்து நின்றாள்.

"அது தடை இல்ல பாதர். அவர் செத்துப்போய், சேத்துக்குள்ள இருந்து என்னக் கூப்பிடுறார். நான் போகல்ல."

எமிலி தலையைக் குனிந்துகொண்டாள். பாதர் தடை இல்லை என்று ஓலையை மடித்து வைத்துவிட்டு, கோயில் மதிலில் வலை காயப்போட வேண்டாம் என்ற அடுத்த அறிவித்தலை வாசித்தார்.

கல்யாணம் நடந்தது. மணப்பெண் வர ஜொய்சனே விளக்குமாற்றால் நண்டுகளை நோகாமல் ஒதுக்கி வழி விட்டார். இப்போது அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நண்டுகள் இன்றும் ஞாயிறு தவறாமல் வருகின்றன. சபை அவற்றைத் தாண்டி நடக்கப் பழகிவிட்டது. சுஜீவா வாசலைப் பார்த்தபடி, பீடத்துக்குப் பக்கவாட்டில் உட்காருகிறாள். ஏன் என்று மகள் கேட்டபோது, "போகத்தான் ஏலா, பாக்கவாவது வேணுமே" என்றாள். பக்கத்திலிருந்த ஜொய்சன், சுஜீவாவுக்கு வாசல் தெரியும்படி நகர்ந்து இடம் விட்டார்.