மில்லடியின் முதல் வரிசை

1

இது என் கற்பனையில் பிறந்த கதை அல்ல. ஹட்டனிலிருந்து வந்த பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்த சுதர்ஷினி சொன்னது. பதினான்கு குடும்பங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு, மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே கிடைத்த காணிகளில் வீடு கட்டி, போன தை மாதம் குடிவந்தார்கள். அவளுடைய அம்மா வீரம்மா, முன்பு தேயிலைக் கொழுந்து எடைபோட்ட கொட்டகையில் மா அரைக்கும் மில் ஒன்று போட்டாள். ஊருக்கு மில்லடி என்று பெயர் வந்தது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: அகன்ற நதிக்கரையில் தாடிக்காரர் ஒருவர் குதிரையை நிறுத்தி, இங்கேதான் நம் நகரம் என்று

(அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படித்ததன் விளைவு. இங்கே நதி இல்லை, தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. குதிரைக்குப் பதில் சாமான் ஏற்றிய ஆட்டோ, வீட்டுக்கு மூன்று நடை.)

இரண்டாவது தொடக்கம்: மில் திறந்த காலையில் பனி

(எந்தக் காலையில்தான் இல்லை?)

3

ஏழு மணிக்குத் திறப்பு என்று வீரம்மா வீடுவீடாகச் சொல்லியிருந்தாள். ஆறரைக்கே எல்லாரும் வந்து, கொட்டகைக்கு முன்னால் வெறுங்கையோடு வரிசையாக நின்றார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நிற்கச் சொன்னவர் யாருமில்லை. தோட்டத்தில் காலையில் இப்படிக் கூடினால் அது பெரட்டு. பெயர் கூப்பிட்ட பிறகுதான் வேலை. கால்களுக்கு அதுதான் பழக்கம்.

எதிரே மூக்கன். முப்பது வருடம் கங்காணியாகப் பெயர் கூப்பிட்டவர். தொண்டையைச் செருமினார்.

வீரம்மா அவர் வாயையே பார்த்தாள். அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டால் இதுவும் தோட்டத்தின் இன்னொரு டிவிஷன்தான். ஊர் ஆகாது.

(மூக்கனைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். வரவில்லை. வீடு கட்டும்போது எல்லாருக்கும் கல் சுமந்தவர்.)

4

முடிவு அ: மூக்கன் "அம்மாக்கண்ணு" என்று கூப்பிடுகிறார். பெண்கள் பக்கம் முதலில் நின்ற அவளும் தலைகுனிந்து முன்னால்

(வேண்டாம்.)

முடிவு ஆ, சுதர்ஷினி சொன்னபடி: வீரம்மா மோட்டார் சுவிட்சில் கைவைத்தாள்.

"அண்ணே, இங்க பேரு கூப்பிடுறதில்ல. வரிசையில நிக்கிறதுன்னா சட்டியோட வந்து நில்லுங்க. யாரு மொத வந்தாலும் மொத அரைச்சுத் தாறேன்."

"கங்காணியாருக்குச் சட்டி தூக்கத் தெரியுமான்னு கேளுங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

சிரிப்பில் வரிசை கலைந்தது. அரிசிக்கும் மிளகாய்க்கும் ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். மூக்கன் மட்டும் அசையவில்லை. வாழ்நாள் முழுக்க வரிசைக்கு எதிரே நின்ற மனிதர், உள்ளே நின்று பழக்கமில்லை.

5

சுதர்ஷினி இறங்கும் இடம் அதற்குள் வந்துவிட்டது. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது, கேட்கப் போவதில்லை. மூக்கனும் வீட்டுக்குப் போய்ச் சட்டியோடு திரும்பி வந்தார் என்றே நம்புகிறேன். வரிசையில் எங்கே நின்றார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். முன்னால் மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மாக்கண்ணு சம்மதிக்கமாட்டாள்.