மழைக்காகக் காத்திருந்த இரண்டு குப்பிகள்

பத்து நாளாக வானம் கறுக்கிறது, கலைகிறது. ஒரு சொட்டு விழவில்லை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வுக்கூட ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தே செருப்பு தேய்ந்துவிட்டது.

காரணம் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். ஆற்றோரம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். ஆற்றில் நைட்ரேட் ஏறி, பாசி படர்ந்து, மீன் செத்து மிதக்கிறது. பண்ணை உரம்தான் காரணம் என்று எங்கள் மேலதிகாரி முடிவே கட்டிவிட்டார். ஆற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதிப்பதே என் பிழைப்பு, எனக்குத் தெரியாதா? பண்ணையை ஒட்டிப் புதுக் குடியிருப்பு. மண்ணே தெரியாமல் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் உறிஞ்ச இடமேது? தெரு அழுக்கு, சாக்கடை எல்லாம் ஒரே ஓட்டமாக ஆற்றில்தான் விழும். வெயிலில் மட்டும் குடியிருப்பு வாய்க்கால் காய்ந்துபோய், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடக்கும்.

"சார், மழையோட முதல் அரைமணியில பண்ணை வாய்க்கால், குடியிருப்பு வாய்க்கால் ரெண்டுலயும் தண்ணி பிடிச்சுப் பாக்கணும். அப்பத் தெரியும், யார் யோக்கியம்னு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறம் பண்ணைக்குப் பூட்டுத்தான். உன் சொந்தம்னெல்லாம் பாக்க மாட்டேன்."

புதன்கிழமை காலை, மறுநாள் கனமழை என்று அறிவித்தார்கள். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் கொட்டப்போகுதுக்கா. அத்தான நிம்மதியாத் தூங்கச் சொல்லு."

வியாழன் பத்து மணிக்கு அடித்துப் பெய்தது. குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். குடியிருப்பு வாய்க்காலில் ஒரு குப்பி, பண்ணை வாய்க்காலில் ஒரு குப்பி. தொப்பலாக நனைந்து வந்து, மேலதிகாரி கண்ணெதிரிலேயே மருந்தைக் கலந்தேன். நைட்ரேட் கூடக்கூடத் தண்ணீர் சிவக்கும்.

குடியிருப்புத் தண்ணீர் ரோஜா நிறத்தில் நின்றது. பண்ணைத் தண்ணீர் நிற்கவில்லை. பீட்ரூட் சாறாகச் சிவந்தது. இத்தனை மாதத்தில் அங்கே இதில் கால்வாசிகூட வந்ததில்லை. மறுபடி செய்தேன். அதே நிறம்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"நல்லவேளை, முன்னாடியே சொன்னடி. மழை வருதுன்னதும் இவர் நிக்கல. விடிய விடிய இருந்த நைட்ரேட் உரம் மொத்தத்தையும் பாத்திக்குப் பாத்தி வீசிட்டாரு. மழையோட சேந்து வேருக்கு இறங்கிடுமாம்."

உரம் போடுகிறவர்கள் மழைக்கு முந்தித்தான் போடுவார்கள். அது எனக்கும் தெரியும். புதன்கிழமை அக்காவுக்குப் போன் போட்டபோது ஏன் தோன்றவில்லை? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேலதிகாரி பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ கேட்ட மழைதானே. நீயே எழுது."

எழுதினேன். அக்கா இன்னும் போனிலேயே இருந்தாள்.

"அக்கா, அத்தான்கிட்ட குடு."

"தூங்குறாருடி. நீதானே நிம்மதியாத் தூங்கச் சொன்ன. எழுப்பவா?"