இடத்தை அடைத்த கோப்பு

அக்காவின் காது கிளினிக்கில் கம்ப்யூட்டர் என்றால் தம்பிதான். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் திட்டும் உண்டு. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரே பெட்டிக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, விர்ச்சுவல் மெஷின் என்று, ஓடவிட்டு அதில்தான் குழந்தைகளின் பதிவுகளையெல்லாம் வைத்திருந்தான். அன்று காலை அது படுத்துவிட்டது. டிஸ்கில் எள் விழ இடமில்லை.

வெளியே நாலு வயதுக் குழந்தை ஒருத்தி அம்மாவின் மடியில் காத்திருந்தாள். அவளுடைய காது மெஷின் தண்ணீரில் விழுந்து வீணாகிவிட்டது. புதியது வந்துவிட்டது, ஆனால் எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்டுவது என்ற பழைய அளவுகளை அதில் ஏற்றினால்தான் அவளுக்குப் பேச்சு பேச்சாகக் கேட்கும். அக்கா அவளோடு தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, அழவைத்து, சிரிக்கவைத்து ஒன்றரை வருஷமாகக் கண்டுபிடித்த அளவுகள். அவை இருந்தது அந்த விர்ச்சுவல் மெஷினில் மட்டும்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம்க்கா. நச்சரிக்காத."

இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கோப்பு மலை மாதிரி கிடந்தது. பெயரில் ஸ்நாப்ஷாட் என்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ அப்டேட் போடும்போது, கெட்டுப்போனால் பழையபடி திரும்பிக்கொள்ளலாம் என்று அவனே எடுத்து வைத்தது. பழைய நகல்தானே, இனி எதற்கு? அழிக்கப் போனான். அனுமதி இல்லை என்றது. மறுபடி அழுத்தினான், அதே பதில். 'நான் வச்ச மெஷின்ல எனக்கே அனுமதி இல்லையா?' என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. செட்டிங்ஸுக்குள் போய் எல்லா உரிமைகளையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டான். அதற்கப்புறம் அது மாட்டேன் என்று சொல்லவில்லை.

விர்ச்சுவல் மெஷினுக்கு மிச்சமிருந்த பழைய டிஸ்கை இணைத்ததும் அது சமர்த்தாக எழுந்தது.

"என் தம்பி கில்லாடி" என்று அந்த அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டே அக்கா வந்து உட்கார்ந்து, குழந்தையின் பெயரைத் தட்டினாள். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினாள்.

அவன் கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்தான். ஸ்நாப்ஷாட் எடுத்த நாள். அன்றோடு பழைய டிஸ்க் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அவன் அழித்த அந்தக் கோப்பில்தான் சேர்ந்திருக்கிறது. பேக்கப்பையும், இடம் போதவில்லையென்று, போன வாரமே காலி செய்திருந்தான். மீட்கிற சாஃப்ட்வேரை ஓட்டினான். காலியான இடத்தில் மெஷின் புதிதாக எழுதத் தொடங்கியிருந்தது. வந்ததெல்லாம் துண்டும் துணுக்கும்தான்.

"என்னடா முழிக்கிற?"

"அக்கா, நான் அழிச்சுட்டேன். எல்லாம் போச்சு. இவளோடதும்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்றாள் அந்த அம்மா. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழந்தைக்கு எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று நினைத்து, மேசைமேல் கிடந்த புது மெஷினை எடுத்து, போட்டுவிடச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.