வாப்பாவின் வேகன்

வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த நாளிலிருந்து அரூஸுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஐந்து மணிக்குப் புடவைக் கடையைப் பூட்டினால் அம்பிட்டிய வீட்டுக்குப் போகமாட்டான். நேரே மஹய்யாவ, சுந்தரலிங்கத்தின் கராஜ். அங்கேதான் வாப்பாவின் பழைய வேகன், உள்ளும் புறமும் கழற்றப்பட்டு, வெறும் ஓட்டைத் தகரமாக நின்றது.

காரணம் கேட்டால் பெருமையாகச் சொல்வான். உம்மா இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியிறங்கக் கூடாது. அது முடிந்து உம்மா வைக்கும் முதல் அடி வாப்பாவின் வேகனுக்குள்தான். உம்மா, மனைவி கைரியா, இரண்டு மகள்மார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாவலப்பிட்டிச் சாச்சி வீட்டுக்குப் பயணம். மௌத்தின் மூன்றாம் நாள், கத்தம் ஓதிய அன்று இதைச் சொன்னபோது உம்மா பேத்தியின் தலையை வாரிக்கொண்டே இருந்தார். சம்மதம் என்று இவனாகவே எடுத்துக்கொண்டான்.

இஞ்சின் சொன்னபடி கேட்டது. தரைத் தகடுதான் உயிரை வாங்கியது. ஒரு துருவை வெட்டினால் பக்கத்தில் இன்னொன்று. பின்கதவுப் பூட்டுக்காக மூன்று ஊர் அலைந்தான். வேலை நடக்கும் இடத்தில் சும்மா நிற்கவும் தெரியாது. ஸ்பானரை எடுப்பான், வைப்பான், பெயின்ட் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து விரல் அடையாளம் பதிப்பான். சுந்தரலிங்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்.

"மொதலாளி, வேலைய நாங்க பாத்துக்கிறோம். நீங்க வீட்டுக்குப் போய் அம்மாகூட கொஞ்ச நேரம் ஒக்காருங்க."

அதுதான் அவனால் முடியாத காரியம். உம்மாவின் அறை வாசலில் நின்று, சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவான். வெள்ளை உடுப்பில் அவரைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வான். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தான்.

ஜூன் பத்தாம் திகதி மௌத்து. ஆகவே ஒக்டோபர் இருபது. அந்தத் திகதியைத்தான் கராஜ் சுவரில் சோக்கட்டியால் எழுதி வைத்திருந்தான். பதினாறாம் திகதி பகல் கைரியா போனில் கோல் எடுத்து, அஸர் தொழுகையோடு இத்தா முடிகிறது, இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். நாலு நாள் கிடக்கிறதே என்று இவன் கத்தினான். இத்தாவுக்குப் பிறை மாதக் கணக்கு, நாலு நாள் முந்தும் என்றுகூடத் தெரியாதா, கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டுதானே வந்தோம் என்றாள் அவள். வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

கராஜுக்கு ஓடினான். ஒரு கதவில் பெயின்ட் இல்லை. நாலு பேரைப் பிடித்து ஆசனங்களைப் பூட்டவைத்து, அம்பிட்டிய ஏற்றத்தில் ஹோனடித்துக்கொண்டே பறந்தான். போய்ச் சேர்ந்தபோது அஸர் தாண்டியிருந்தது. உம்மா கேற்றுக்கு வெளியே, ரோட்டில், பேத்திமாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கைரியா.

"ஏறுங்க உம்மா," என்று கதவைத் திறந்தான்.

உம்மா புது ஆசனங்களைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நாலு மாசமும் நீ வாப்பாட வேகனோட ஈந்த, மகன். நான் அந்த நாலு சுவரோட ஈந்த. இப்ப என்னய கொஞ்சம் நடக்க உடு."

நால்வரும் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினார்கள். வண்டியை அப்படியே போட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்ள அரூஸ் இறங்கினான். அதற்குள் பின்னால் வந்த பஸ்காரன் ஹோனை விடாமல் அடித்தான். ஒதுக்க இடமில்லாத ரோடு. திரும்ப ஏறி, அவர்களைக் கடந்து போகவேண்டி வந்தது. மகள்மார் கை காட்டினார்கள். உம்மா கைரியாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ஐந்து பேர் போகவேண்டிய வண்டியில் தனியாக இருந்து, மௌத்து வீட்டில் அழாத அழுகையை அரூஸ் அப்போதுதான் அழுதான்.