முகம் போய்ப் பரு நின்ற மெர்சி

கிட்ட வாங்க கண்ணுங்களா, கதவோரம் நிற்க வேண்டாம், ஃபேன் காற்று இங்கேதான் வருகிறது. கடம்பத்தூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முடியும்வரை யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அண்ணன் ஸ்டீவனின் கல்யாண ஆல்பம் வந்த அன்றைக்கு மெர்சியின் முகம் போய்விட்டது. பரு போகவில்லை. படத்தில் ஊதாப் பட்டுக்கு மேலே, இரண்டு ஜிமிக்கிகளுக்கும் நடுவில், சிவந்த பருக்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன. அவற்றின் இடைவெளியில் பின்னாலிருந்த சர்ச் சுவர் தெரிந்தது. அம்மா கிரேஸ்தான் ஸ்டுடியோ சாம்சனிடம், "தம்பி, பொண்ணு மூஞ்சில கீற கர்மத்த எல்லாம் தொடச்சிடுப்பா, நாளைக்கு சம்பந்தம் பேச வர்றவங்க பாப்பாங்க" என்று சொல்லியிருந்தாள். இந்தப் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். "சத்தியமா நான் பருவைத்தான் தொடச்சேன் ஆன்ட்டி" என்றான் சாம்சன். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

அன்றிலிருந்து பாத்ரூம் கண்ணாடி, செல்போன், ரயில் ஜன்னல் எதிலும் மெர்சிக்கு முகம் விழவில்லை. பரு மட்டும் விழுந்தது. நேரில் பார்த்தவர்கள் பருவைப் பார்த்ததுமே கண்ணை எடுத்துக்கொண்டதால், மூக்கு இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கிரேஸுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவள் பல வருடமாக மகளை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காக்களூரில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் மெர்சி காண்ட்ராக்டில் இருந்தாள். அங்கே கேட்டில் முகம் பார்த்துத் திறக்கிற மிஷின். "முகத்தைக் காட்டவும்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. இருந்தால்தானே காட்டுவதற்கு. அப்பாவின் பழைய சிநேகிதரான வாட்ச்மேன் அந்தோணி அவளை ஸ்கிராப் வண்டி போகிற வழியாக உள்ளே விட்டார். பொங்கல் கழிந்து ஆட்களை நிரந்தரமாக்கும்போது, மிஷினுக்குத் தெரியாதவர்களை நிறுத்திவிடுவதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்பா பாக்கியநாதன் செத்த பிறகு, அம்மாவின் வாய்க்குத் தப்பி மெர்சி மூச்சுவிட்டது அந்த ஒயர் மேஜையில் மட்டும்தான். அதுவும் போனால் வீடுதான், பெண் பார்க்க வருகிறவர்கள்தான்.

கிரேஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். சர்ச்சில் யாருக்கும் தெரியாமல், அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில், வெல்லம் கரைவதுபோல் பருவும் கரையும் என்று வெல்லமும் போட்டாள். எல்லார் வெல்லமும் கரைந்தது, அவளுடையது மட்டும் தக்கை மாதிரி மிதந்து படிக்கே திரும்பி வந்தது. கம்பெனி பஸ்ஸில் கல்பனா, "இன்னாடி இது, மூஞ்சியா, கேவுரு காயவெச்ச மொறமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பாவம் பார்த்து ஒரு டியூப் களிம்பும் கொடுத்தாள். டாக்டர் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது, பஸ்ஸில் பாதிப் பேர் பூசுவது. முதலில் பளபளத்தது. பிறகு முகம் கொதித்து, தோல் சிலும்பி, கண்ணாடியில் இருந்த பருக்கள் இரட்டிப்பாயின.

திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மா அந்த டியூபைக் குப்பையில் போட்டு, ஒரு மருந்து எழுதித் தந்தார். "கிள்ளாத, தேய்க்காத. மெதுவா கழுவு. மாசக்கணக்காகும்" என்றார். மெர்சி பைப்படியில் நின்று தன் தாடையைத் தொட்டாள். வயசுக்கு வந்த நாளிலிருந்து தன் முகத்தைக் கிள்ளுவதற்குத் தவிர வேறெதற்கும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அழுதுகொண்டே கழுவினாள். மறுநாள் கண்ணாடியில் தாடை இருந்தது, பருவோடு. அப்புறம் ஒரு புருவம் வந்தது, ஒரு கன்னம் வந்தது. "இந்த மூஞ்ச வெச்சிக்கினு எவன் தலைல கட்டுறது" என்று அம்மா சொன்ன நாளில் வந்த கன்னம் திரும்பப் போயிற்று. மெர்சி மறுபடி கழுவினாள்.

கார்த்திகை மழையில் ஒருநாள் கல்பனா இன்னொரு டியூபை நீட்டினாள். "எம்மூஞ்சிய நான் பாத்துக்கறேன்க்கா. நீ உன் நாஷ்டா டப்பாவப் பாரு, கொழம்பு ஊத்திக்கினு கீது" என்றாள் மெர்சி. பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு இரண்டு கண்ணும் வந்தன.

பொங்கல் கழிந்து, அதுவரை முகத்தை மூடிவந்த துப்பட்டாவைத் தோளோடு விட்டுவிட்டு, பருவும் தழும்புமாக மிஷின் முன்னால் நின்றாள். கேட் திறந்தது. அந்தோணி எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். "அட, பாக்கியநாதன் மூக்கு! இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?" என்றார். மெர்சி ஒயர் மேஜைக்குப் போய் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேலை நிரந்தரமாயிற்று.

ஆல்பம் மாறவில்லை. துடைக்காத படத்தை யாரும் கேட்பதில்லை என்று சாம்சன் அழித்துவிட்டிருந்தான். அடுத்த வருடம் மருந்து பிடித்துப் பருக்கள் ஒவ்வொன்றாக அமுங்கின. அமுங்க அமுங்க, கிரேஸுக்கு மகள் மங்கிக்கொண்டே போனாள். கடைசிப் பரு காய்ந்த அன்றைக்கு அடியோடு தெரியவில்லை. "மெர்சி, எங்கடி கீற?" என்று வீடெல்லாம் தேடினாள். எதிரில் நின்றுகொண்டு மெர்சி, "இங்கதாம்மா" என்றாள். இப்போதும் அப்படித்தான். கிரேஸ் குரல் வந்த பக்கம் சோற்றுத் தட்டை நீட்டுவாள், மெர்சி வாங்கிக்கொள்வாள். இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

போய் வாங்க என் தங்கங்களே. உங்கள் வீட்டில் உலை பொங்கட்டும், விளக்கு நின்று எரியட்டும். உங்கள் பிள்ளைகளின் முகம் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்னால் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும்.