பதினோராம் வளைவின் வாய்க்கால்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெருமாள்மலை டீக்கடை ஒன்றில் நடந்த வாய்ச்சண்டையில்தான் இந்தக் கதை பிறந்தது. மலைச் சைக்கிளை மேடு முழுக்க மிதித்து ஏற வேண்டுமா, இல்லை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போய், கீழ்நோக்கி மட்டும் ஓட்டினால் போதுமா? இதற்குத்தான் சண்டை. சிரிக்காதீர்கள். பதினேழு பேர், படித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினோம். நானும்தான். எனக்கும் ஒரு சைக்கிள் உண்டு, அதோடு தொப்பையும் உண்டு. அதனால் நான் ஜீப் கட்சி. எங்கள் வாட்ஸப் குழுவுக்கு அட்மினும் நான்தான்.

வேடிக்கையாக ஒன்று எழுதிவிடலாம் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

மேகம் இறங்கிய ஒரு காலைப்பொழுதில், கொடைக்கானல் மலைச்சரிவில்—

வேண்டாம். கொடைக்கானல் என்றதும் மேகத்தை இறக்கிவிடுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. இரண்டாவது:

குருநாதனுக்கு எங்கெல்லாம் மூச்சு வாங்குமோ அங்கெல்லாம் ஒரு வாய்க்கால் இருந்தது.

இது இருக்கட்டும். இதில் பொய்யில்லை.

2

குருநாதன் பேத்துப்பாறைக்காரன். நாற்பதுக்கு ஒன்று குறைவு. பெருமாள்மலையில் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பேத்துப்பாறைக்கு மேலே இருக்கிற மேட்டிலிருந்து ஊர் வரைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது, மொத்தம் பதினான்கு வளைவு. (எங்கள் குழுவில் அதற்கு ‘ட்ரெயில்’ என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அது வேலைக்குப் போகிற வழி. இந்த வித்தியாசத்தை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நான் ரொம்பத் தாமதமாகத்தான் குறித்துக்கொண்டேன்.) எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாதை பாதி புதர் மண்டிக் கிடந்தது. வெட்டிச் சீராக்கியவன் குருநாதன்.

மலைப்பாதைக்கு எமன் மழைத்தண்ணீர். அதைப் பாதையிலேயே ஓடவிட்டால் மண்ணை அரித்து, பள்ளத்து ஓரத்தைக் கரைத்துவிடும். அதனால் வளைவுக்கு வளைவு பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும். அதில் பைன் சருகும் சேறும் வந்து அடைத்துக்கொள்ளும். அடைக்க அடைக்க வாரிவிட வேண்டும்.

யார் வாருவது? அதற்குக் குருநாதன் ஒரு வழி கண்டான். மேடேறுகிறவன் எங்கே மூச்சு வாங்கி இறங்கி நிற்பானோ, அந்த இடங்களாகப் பார்த்து வாய்க்காலை வெட்டினான். கூட வருகிறவர்களிடம் சொல்வான்: “நிக்கிறப்ப சும்மா நிக்காதீக. ஒரு வாய்க்கால வாரிவிட்டுட்டு ஏறுங்க.” காம்பைக் குட்டையாக அறுத்த மண்வெட்டி ஒன்று அவன் சைக்கிளில் எப்போதும் கட்டியிருக்கும். ஏறுகிற எல்லோரும் களைத்தார்கள், களைத்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் வாரினார்கள். ஆறு வருஷம் அந்தப் பாதையில் ஒரு கல் நகரவில்லை.

பிறகு ஜீப் வந்தது. ஜீப்பில் போகிறவனுக்கு மூச்சு வாங்காது.

3

ஜீப் முகேஷுடையது. முகேஷ் வேறு யாருமல்ல, குருநாதனின் மனைவி மகாதேவிக்குத் தம்பி. உச்சிக்குச் சுற்றிப் போகிற எஸ்டேட் ரோட்டில் ஒரு நடைக்கு எட்டு சைக்கிள் ஏற்றுவான். சனி ஞாயிறானால் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரே நாளில் நாலு தடவை இறங்கினார்கள்.

இனி டீக்கடை. முதலில் வெடித்தது குருநாதன்.

“பிரேக்கைப் புடிச்சு இழுத்துக்கிட்டே பாதைய உழுதுட்டுப் போறாக. வாய்க்கா எங்க இருக்குன்னே ஒருத்தருக்கும் தெரியாது. அம்புட்டையும் நான் ஒருத்தன் வாரிக்கிட்டுக் கெடக்கணுமா? எனக்கு வேற சோலி இல்ல?”

“மாமா, நான் ஏத்திட்டு வர்ற ஆளுகதான் ஒங்க கடைக்கும் வர்றாக. அத மறந்துட்டுப் பேசாதீங்க” என்றான் முகேஷ்.

கொடைக்கானலில் கணக்கு டீச்சராக இருக்கும் சுசித்ரா குறுக்கே வந்தாள். “சார், எனக்கு மூட்டுல ஆபரேஷன் ஆகியிருக்கு. என்னால மிதிச்சு ஏற முடியாது. அதுக்காக நான் வரவே கூடாதா? மாசத்துல ஒரு சண்டே எல்லாரும் சேர்ந்து வாருவோம். ஒரு லிஸ்ட் போடுங்க, முதல் பேரா என் பேர எழுதுங்க.”

இதைவிட நியாயமாக அன்று யாரும் பேசவில்லை. அதனால் யார் காதிலும் ஏறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைக்கலாம் என்றேன்.

குருநாதன் எழுந்துவிட்டான். “இனிமே ஒம்போதாவது வளைவுக்கு மேல என் மம்பட்டி எறங்காது. ஜீப்புக்காரக பாத்துக்கிடட்டும்.”

[எனக்கு இந்த ஆளை எழுத வரவில்லை. முதல் வரைவில் வீம்புக்காரனாக வந்தான். அடுத்ததில் தியாகியாக வந்து கழுத்தை அறுத்தான். நிஜத்தில் அவன் சலித்துப்போனவன், அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் ஒருத்தராவது “பாதை நல்லாருக்குப்பா” என்று சொன்னோமா? சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.]

4

ஐப்பசியின் முதல் மழை ஒரு புதன்கிழமை பெய்தது. வியாழக்கிழமை வெள்ளனே குருநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். ஒன்பதாவது வளைவு வரைக்கும் வாரிக்கொண்டே போனான். பத்தாவதைப் பார்க்காத மாதிரி தாண்டினான். பதினோராவதில் மூச்சு முட்டியது. இறங்கியே ஆக வேண்டும்.

வாய்க்கால் மேவிக் கிடந்தது. சருகும் சேறும் திட்டாக உட்கார்ந்து, தண்ணீர் பாதையோடு ஓடிப் பள்ளத்து ஓரத்தைத் தின்றிருந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும், இந்த மலையில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கை தானாக மண்வெட்டிக்குப் போயிற்று. ஒரு முடிச்சை அவிழ்த்தான். வாரிவிடப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

‘வாரிட்டா அவனுகளுக்கு எப்பவுமே தெரியாது’ என்று நினைத்தான்.

முடிச்சைத் திரும்பப் போட்டான். போனை எடுத்து, வெடிப்பு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தான். உச்சியில் சிக்னல் கிடைத்ததும் குழுவில் போட்டான்: “பாருங்க. இது ஒங்க வேலை.”

பார்த்தோம். பதினேழு பேரும் பார்த்தோம். அன்றைக்கும் மறுநாளும் நூற்று நாற்பது செய்திகள். முகேஷ், “நானா போயி அடைச்சேன்?” என்றான். சுசித்ரா, “எனக்கு ஸ்கூல்ல எக்ஸாம். ப்ளீஸ், யாராவது இன்னைக்கே வெரசாப் போங்க” என்றாள். நான், “மண்வெட்டி வேலைநிறுத்தம் வாழ்க!” என்று போட்டேன். அதற்கு ஒன்பது பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை.

5

கருப்பம்மாள் இந்தக் கதையின் முதல் வரைவில் இல்லை. அதற்காவது ஒரு சாக்கு உண்டு, அப்போது அவள் விழவில்லை. இரண்டாவது வரைவிலும் அவள் இல்லை. அதற்குச் சாக்கே கிடையாது.

பேத்துப்பாறையில் குருநாதன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவள் வீடு. நாற்பத்தாறு வயது. மேட்டில் பீன்ஸ் காட்டுக்குத் தினமும் கூலிக்குப் போவாள். காலையில் பதினான்கு வளைவும் ஏறி, சாயங்காலம் பதினான்கும் இறங்குவாள். ஏறுவதா, ஏற்றிவிடுவதா என்று நாங்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டோமே, அதில் அவள் எந்தக் கட்சி? டீக்கடையில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இருபது வருஷமாக அந்தப் பாதையில் நடப்பவள்.

சனிக்கிழமை காலை பதினோராவது வளைவில் ஓரம் பெயர்ந்து அவளோடு உள்ளே போயிற்று. மூன்று ஆள் ஆழம். பின்னால் வந்த பெண்கள் சத்தம் கேட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கி இறக்கினார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. திண்டுக்கல்லில் ஆபரேஷன் நடந்தது. இனி மேடேறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

(மூன்றாவது வரைவில் அவளைக் கொன்றும் பார்த்தேன். கதை ஒழுங்காக முடிந்தது. செத்தவள் யாரையும் எதுவும் கேட்க மாட்டாள், எழுதுகிறவனுக்கு அது ரொம்ப சௌகரியம். வெட்கமாக இருந்தது, கிழித்துப்போட்டேன்.)

6

ஊர்க்காரர்கள் பாதையைப் போய்ப் பார்த்தார்கள். எங்கும் டயர் தடம். வேறென்ன வேண்டும்? முகேஷின் ஜீப்பை வழிமறித்து, சட்டையைப் பிடித்தார்கள். “காசுக்கு ஆள ஏத்தி எறக்கிப் பாதைய நாசமாக்கிட்டானே” என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். முகேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போனை எடுத்து அந்தப் போட்டோவை ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை.

அன்று சாயங்காலம் குருநாதன் அவனைப் பிடித்துக் கேட்டான். “ஏலே, ஏன்டா சொல்லல? நான் பாத்துட்டு வாராமப் போனத ஏன் சொல்லல?”

“அக்கா அந்த ஊருலதான குடியிருக்கணும், மாமா.”

குருநாதன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

இனி என் பங்கு. இதை இதுவரை எந்த வரைவிலும் எழுதவில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சேதி வந்த அரைமணி நேரத்தில், நான் குருநாதனுக்குப் போன் செய்தேன். கருப்பம்மாளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. “அந்தப் போட்டோவ டெலீட் பண்ணிருங்க. எல்லாருக்கும் நல்லது” என்றேன். அவன் “சரிங்க சார்” என்றான். நூற்று நாற்பது செய்திகளையும் அட்மின் என்ற முறையில் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். என் நகைச்சுவையை முதலில் அழித்தேன்.

7

சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுக் கருப்பம்மாள் வீடு திரும்பிய மறுநாள், போன புதன்கிழமை, குருநாதன் அவளைப் பார்க்கப் போனான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனான். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள்.

“வாய்யா குருநாதா. ஒக்காரு.”

“எப்டி இருக்கு மதினி?”

“கெடக்கேன். திரும்பிப் படுக்க முடியல.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நீ ஒருத்தன் வாரிவிட்டதுனாலதான்யா நான் இம்புட்டு நாளு ஏறி எறங்குனேன். எனக்குத் தெரியாதா? போறப்ப ஒன் மம்பட்டித் தடம் கெடக்கும். சரி, வாரிட்டுப் போயிருக்கான்னு தெகிரியமாக் கால வப்பேன். அன்னைக்கும் கீழ வளைவெல்லாம் ஒன் தடம் கெடந்துச்சு. அத நம்பித்தான் வச்சேன்.”

குருநாதன் எழப்போனான். அவள் கையமர்த்தினாள்.

“ஞாயித்துக்கெழம கோயில்ல ஊர்க்கூட்டம் வச்சிருக்காக. நீ எந்திரிச்சுச் சொல்லு. அந்த முகேசுப் பயலும் அவன் ஜீப்பும் இனிமே ஊருப் பக்கமே வரப்படாதுன்னு சொல்லு. சொந்தக்காரன்னு பாக்காத. ஒன் சொல்லுக்கு மரியாத இருக்கு.”

“மதினி, அந்தப் பதினோராவது வளைவுல நான்—”

இந்த வரியை முடிக்க மூன்று விதமாகப் பார்த்தேன்.

அவன் சொல்லிவிடுகிறான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எழுதினேன். ஆனால் அவளால் திரும்ப முடியாது, இடுப்பு முறிந்திருக்கிறது. எழுதும் ஆசையில் அதைக்கூட மறந்துவிட்டேன், பாருங்கள்.

அவன் சொல்லவில்லை. முகேஷ் ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விடுகிறான். மகாதேவி தன் புருஷனோடு பேசுவதை நிறுத்துகிறாள். இது நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது, அவன் தன்னந்தனியாகப் போய்ப் பதினோராவது வளைவுக்குக் கல் அடுக்கிக் கட்டுகிறான். படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அடித்துவிட்டேன். கல் அடுக்கினால் முகேஷ் மேலிருக்கும் பழி போய்விடுமா?

நடந்தது என்ன என்றால், அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. “வர்றேன் மதினி” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. இன்று சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்பினான்:

“நாளைக்குக் கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லிரலாம்னு இருக்கேன். போட்டோ போட்டதையும், பெறகு அத அழிச்சதையும் சேத்து. தனியா நின்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நீங்களும் வந்து பக்கத்துல நிப்பீகளா?”

படித்துவிட்டேன். படித்தது அவனுக்கும் தெரியும், நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் போடாமல் இந்த வரைவை எழுத உட்கார்ந்தேன். டீக்கடை, மேகம், தொப்பை, அடைப்புக்குறி எல்லாம் எழுதி முடித்து நிமிர்ந்தால் மணி ஐந்தரை ஆகிறது. இந்த மாதிரிக் கதைகளில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம், பார்க்கவும் கௌரவமாக இருக்கும். ஆனால் இந்த முடிவு உங்களிடம் இல்லை. நான் இருக்கிற கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போனால் அவன் சொல்வான், போகாவிட்டால் சொல்ல மாட்டான். எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. ஒரே ஒரு சொல்தான்.

“சார்?”

அதையும் படித்துவிட்டேன்.