நாலு மணிக்குப் போகும் கரண்ட்

காந்தல் என்ற மலையூரில் கல்யாணமாகாத தெய்வம்மா தனியாளாகப் பிழைத்தது, பேட்டரியில் ஓடும் இரண்டு கையடக்க வீடியோ கேம்களை வைத்து. சிலோன் தோட்டங்களை விட்டுக் கப்பல் ஏறிய எல்லாரும் இந்தியாவில் விற்கலாமென்று கொழும்பில் ரேடியோவும் சீலையும் வாங்க, இவள் கடைக்காரன் பேச்சில் மயங்கி இவற்றை வாங்கிவிட்டாள். இங்கே விலைக்குக் கேட்க நாதியில்லை. போகட்டும் என்று வாசலில் மேசை போட்டுக் கால்மணி வாடகைக்கு விட்டாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் வந்து குனிந்து விளையாடினார்கள்.

அப்புறம் எதிர்வீட்டுக்கு சபாபதி வந்தார். அவரும் சிலோனிலிருந்து வந்தவர்தான், மனைவியை இழந்தவர். அவரிடம் இருந்தது டிவியில் மாட்டி ஆடுகிற பெரிய வீடியோ கேம். அதை அவரும் வாடகைக்கு விட்டார். இரண்டு பேர் சேர்ந்து மோதலாம், மழையில் நனையாமல் உட்காரலாம். யார்தான் போகமாட்டார்கள்? தெய்வம்மாவின் மேசை ஈயோட்டியது.

கூடலூர் எஸ்டேட்டிலிருந்து அண்ணன் அழகர்சாமி வரச்சொல்லி எழுதினான். அங்கே ஒற்றை அறையில் அண்ணிக்கு ஏவலாளாகக் கிடக்க வேண்டும். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள்.

அந்த வாரம்தான் சபாபதி வீட்டில் தினமும் நாலு மணிக்குக் கரண்ட் போகத் தொடங்கியது. ஆட்டம் பாதியில் நிற்க, ஆட்களெல்லாம் தெருவைக் கடந்து இவளிடம் வந்தார்கள். பொழுது சாய்ந்தால், உள்ளே விளக்கில்லாத இவள் கேம்களில் படம் தெரியாது. அதற்குள் இரண்டு மணி நேரம் நல்ல வியாபாரம். கட்டிய பெட்டியை அவள் அவிழ்த்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஆடிக்கொண்டிருந்த தங்கவேலு தலையைத் தூக்கினான். அவன் வெடிமருந்து பேக்டரியில் எலக்ட்ரீசியன்.

"ஏனுங்கக்கா, கரண்ட் போச்சுன்னா தெருவுக்கே போகுமுங்க. அதென்ன அவரு ஊட்டுக்கு மட்டும் போவுது?"

தெய்வம்மாவுக்கு இது புதுச் சேதி. அவள் வளர்ந்த லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், கரண்டே கிடையாது. வீட்டுக்கு ஒரு குப்பி விளக்கு. ஒரு வீட்டில் அணைந்தால் அடுத்த வீட்டில் எரியும். கரண்டும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள், பாவம்.

மறுநாள் நாலு மணிக்கு நேரே எதிர்வீட்டுப் பின்கட்டுக்குள் போய் நின்றாள். சபாபதி ஸ்டூலில் ஏறி, கழற்றிய பியூஸைக் கையில் வைத்திருந்தார்.

"என்னா வேலை இது?"

அவர் திருதிருவென்று விழித்தபடி இறங்கினார். "இருட்டிட்டா ஒங்க கேம்ல ஒண்ணும் தெரியாது. அதுக்குள்ள நாலு பேரு வரட்டுமேன்னுதான்."

"நான் கூடலூர் போயிட்டா முழு யாவாரமும் ஒங்களுக்குத்தானே?"

"யாவாரம் கெடக்கு. காலையில கதவத் தொறந்தா நான் யார பாக்குறது?"

கோபமாகப் பேசத்தான் வந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் இவளுக்காக யாரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. இந்த மனுஷர் தினமும் ஸ்டூலில் ஏறியிருக்கிறார்.

"இனிமே அதப் புடுங்காதீங்க," என்றாள். "பகல்ல எங்கிட்ட அனுப்புங்க. இருட்டினா நான் இங்க அனுப்புறேன்."

"சரிங்க."

வாசல்வரை போனவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம கூடலூர் போங்க. எதுனாலும் எங்க அண்ணன்கிட்டதான் கேக்கணும்."